‘அலைவ் ஆர் ஜஸ்ட் பிரீதிங்’: ஒரு மெட்டல்கோர் ஆல்பத்தின் பலமும் பலவீனமும், அடிக்கடி வரும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் மெட்டல் கேட்கத் தொடங்குகிற பிள்ளைகளிடமிருந்தும் அவர்களுடைய வீட்டாரிடமிருந்தும் திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்கள் இவை. மெட்டல்கோர் என்று பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. அதனால் ஒரே ஆல்பத்தை எடுத்துக்கொண்டோம்: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குழுவான கில்ஸ்விட்ச் எங்கேஜ், 2002 மே மாதம் ரோட்ரன்னர் நிறுவனம் மூலம் வெளியிட்ட ‘அலைவ் ஆர் ஜஸ்ட் பிரீதிங்’. 12 பாட்டு, ஏறக்குறைய 44 நிமிடம். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறோம்.

மெட்டல்கோர்னா என்னாண்ணே? மெட்டல்தானே, அதுக்கு எதுக்கு இன்னொரு பேரு?

ஹார்ட்கோர் பங்க் ஒரு பக்கம், மெட்டல் மறுபக்கம். அடிவயிற்றிலிருந்து வரும் கத்தலும், பாட்டின் நடுவில் திடீரென்று வேகம் இறங்கியதுபோல் கனமாக விழும் பகுதியும் ஹார்ட்கோரிலிருந்து வந்தவை. உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடிக்கும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்னக் கிட்டார் அடி), இரண்டு கிட்டார் சேர்ந்து வாசிக்கும் மெட்டு, காலால் அடிக்கும் இரட்டை பேஸ் ட்ரம் ஆகியவை மெட்டலின் பங்கு.

90களில் மாசசூசெட்ஸில் இந்த இரண்டையும் கலந்த குழுக்கள் பல இருந்தன. இந்த ஆல்பத்தின் பேஸ் கிட்டார்க்காரர் மைக் டி’அன்டோனியோ ஓவர்காஸ்ட் குழுவிலும், இதில் ட்ரம்ஸ் அடித்த ஆடம் டுட்கேவிச்சும் கிட்டார்க்காரர் ஜோயல் ஸ்ட்ரோட்செலும் ஆஃப்டர்ஷாக் குழுவிலும் இருந்தவர்கள். மெட்டு வாசிக்கும் கிட்டார் பாணியை மட்டும் சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்துக் குழுக்களிடமிருந்து எடுத்தார்கள். அட் த கேட்ஸ், இன் ஃப்ளேம்ஸ் இரண்டையும் கேட்டிருந்தால் உடனே பிடிபடும்.

லிங்கின் பார்க் மாதிரியா?

கத்தலும் பாட்டும் மாறி மாறி வருவதில் மட்டும் ஒற்றுமை. லிங்கின் பார்க்கின் ஆரம்ப காலப் பாட்டுகளில் ராப் உண்டு, டிஜே உண்டு, கிட்டார் பெரும்பாலும் எளிய அடியோடு நின்றுவிடும். இங்கே எல்லா வேலையும் கிட்டாருக்கும் ட்ரம்ஸுக்கும்தான்.

ஒரே கத்தலா இருக்கே. ஒரு சொல்லு கூட வெளங்கல. இத எப்புடிக் கேக்குறது?

ஆல்பத்தை முதலிலிருந்து போட வேண்டாம். நான்காவது பாட்டு ‘மை லாஸ்ட் செரனேட்’, பிறகு மூன்றாவது ‘ஃபிக்சேஷன் ஆன் த டார்க்னஸ்’, அதற்குப் பிறகு முதல் பாட்டு ‘நம்பர்ட் டேஸ்’. இந்த வரிசையில் கேட்டால் காது மெதுவாகப் பழகும்.

ஒவ்வொரு பாட்டையும் மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை ஸ்னேர் ட்ரம்மை (‘டப்’ என்று கூர்மையாக வெடிக்கும் சின்ன ட்ரம்) மட்டும் விரலால் தட்டிக்கொண்டே பின்தொடருங்கள்; பாட்டின் எலும்புக்கூடு தெரிந்துவிடும். அடுத்த தடவை ஹெட்செட் போட்டு இடது காதில் ஒரு கிட்டார், வலது காதில் ஒரு கிட்டார் என்று பிரித்துக் கேளுங்கள். மூன்றாவது தடவைதான் குரல், வரிகளை முன்னால் வைத்துக்கொண்டு. பாடகர் ஜெசி லீச் கத்தும்போதும் சொல்லை முழுதாக விழுங்குவதில்லை. வரி தெரிந்த பிறகு கேட்டால் முக்கால்வாசி விளங்கும்.

அம்மா இது பேய்ப்பாட்டுன்னு சொல்றாங்க. உண்மையா?

இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை இல்லை. வரிகள் எல்லாம் விழுந்தவன் எழும்புவது, தன்னை வெறுப்பதை விடுவது, மனிதர் ஒற்றுமையாக இருப்பது பற்றியவை. பக்திப் பாட்டுக்குக் கிட்ட நிற்கும் வரிகளும் உண்டு. அம்மாவுக்கு வரியை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். அவருடைய உண்மையான முறைப்பாடு பெரும்பாலும் இரண்டாவதுதான்.

பிரேக்டவுன், பிரேக்டவுன்ங்கிறாங்களே, அது பாட்டுல எந்த எடம்?

சாதாரணமாக நான்கு எண்ணிக்கையில் ஸ்னேர் 2இலும் 4இலும் விழும். பிரேக்டவுனில் அது 3இல் மட்டும் விழும். உண்மையில் வேகம் குறைவதில்லை, அதே எண்ணிக்கைதான் ஓடுகிறது. ஸ்னேர்களுக்கு இடையிலான தூரம் இரட்டிப்பாவதால் பாதி வேகம் போலக் கேட்கிறது. கிட்டாரின் அமுக்கிய அடியும் பேஸ் ட்ரம்மும் அந்த நேரம் ஒன்றாக விழும்.

காமன் கூத்துக்குத் தப்படிக்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஓட்டமாக வந்த அடி இறங்கி நிதானமாகக் கனத்து விழும்போது ஆடுகிறவரின் கால் தானாக மாறும். பிரேக்டவுன் எதிர்பார்ப்பதும் அதே கால் மாற்றத்தைத்தான்.

கனம்னா கிட்டார கீழ டியூன் பண்றதுதானே? இன்னும் கீழ போனா இன்னும் கனம்தானே?

இல்லை. இந்த ஆல்பத்தின் மையமே இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. இவர்கள் வைத்திருப்பது ட்ரொப் சி: தடித்த கம்பியிலிருந்து சி, ஜி, சி, எஃப், ஏ, டி. மிகக் கீழான கம்பி சுமார் 65 ஹெர்ட்ஸ். சாதாரண டியூனிங்கில் அதே கம்பி 82 ஹெர்ட்ஸ். பிறகு வந்த குழுக்கள் 7, 8 கம்பி கிட்டார்களோடு இதைவிட எவ்வளவோ கீழே போயிருக்கின்றன. ஆனாலும் அவற்றில் பலவற்றைவிட இந்த ஆல்பம் கனமாகக் கேட்கிறது.

காரணம், கனம் இடைவெளியில் இருக்கிறது. அடிக்கும் இரண்டு அடிகளுக்கு நடுவில் கிட்டார் முழுதாக வாயை மூட வேண்டும். கம்பி கொஞ்சம் இழுத்தாலும் அடுத்த அடி முன்னதன் மிச்சத்தில் மூழ்கிவிடும். இரண்டாவது, பேஸ் ட்ரம்மும் வலது கையும் ஒரே கணத்தில் இறங்க வேண்டும். மூன்றாவது, அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பது. மெட்டுள்ள கோரஸ் ஒன்றைக் கேட்ட காதில்தான் அடுத்து வரும் ரிஃப் கனமாக இறங்கும். 44 நிமிடமும் கனமாகவே இருந்தால் எதுவும் கனமாகத் தெரியாது. புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் முதலில் கோட்டை விடுவது இங்கேதான்.

ஃபோன்ல போட்டா சத்தம் மட்டும்தான் வருது, கனமே இல்ல. ஆல்பத்து கொறையா, ஃபோன் கொறையா?

ஃபோன். அதன் சின்ன ஸ்பீக்கரில் 200–300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வேகமாகக் குறைந்துவிடும். மேலே சொன்ன 65 ஹெர்ட்ஸ் அதில் வரவே வராது. அதன் மேல் அடுக்குகளை மட்டும் கேட்டு மூளை மீதியை ஊகிக்கிறது. பேஸ் கிட்டாரின் கீழ்க் கம்பி இன்னும் பாதி, 33 ஹெர்ட்ஸுக்குக் கிட்ட. அது சாதாரண சவுண்ட் பொக்ஸிலேயே சரியாக வராது.

காதுக்குள் இறுகப் பொருந்தும் வயர் ஹெட்செட் போதும். ரப்பர் முனை காதில் சரியாக அடையாவிட்டால் பேஸ் முழுதும் ஓடிவிடும். பெட்டியில் வரும் மூன்று அளவு முனையையும் மாற்றிப் பாருங்கள். பஸ்ஸில் ஏற்றிய பேஸோடு கேட்டு ஆல்பத்தை மதிப்பிடவும் வேண்டாம். அங்கே எல்லாப் பாட்டுக்கும் ஒரே வயிறுதான்.

டேட்டா ரொம்பப் போகுமா? எங்க தோட்டத்துல சிக்னலும் நிக்காது.

160 கிலோபிட் தரத்தில் ஆல்பம் முழுதும் சுமார் 53 எம்பி, 320இல் சுமார் 106 எம்பி. ஸ்பொடிஃபை 2021இலிருந்து இலங்கையில் கிடைக்கிறது, ஆனால் இலவசக் கணக்கில் பாட்டை இறக்கி வைக்க முடியாது. டவுனில் வைஃபை உள்ள இடத்தில் கட்டணக் கணக்குள்ள ஒருவரின் ஃபோனில் இறக்கி வைத்துக் கேட்பது நல்லது. சிக்னல் விட்டு விட்டு வந்தால் செயலி தரத்தைத் தானாகக் குறைக்கும். அப்போது முதலில் கெடுவது சிம்பல் ஓசை. தண்ணீருக்குள் அடித்ததுபோல் ஆகிவிடும். அது மிக்ஸிங் (வாத்தியங்களையும் குரலையும் சேர்த்துச் சமன்படுத்துவது) பிழை என்று எழுதிவிடாதீர்கள்.

சரி, இந்த ஆல்பத்தோட பெரிய பலம் என்னா?

கத்தலிலிருந்து பாட்டுக்கு மாறும் இடங்கள். அதற்கு முன்பும் பலர் இரண்டையும் கலந்தார்கள், ஆனால் கோரஸ் தனியாக ஒட்டவைத்ததுபோல் நிற்கும். இங்கே கோரஸுக்குப் போகும் முன்னரே கிட்டாரில் அந்த மெட்டின் சாயல் வந்துவிடுகிறது. ‘மை லாஸ்ட் செரனேட்’டில் குரல் பாடத் தொடங்கும்போது காது ஏற்கெனவே அங்கே போய் நிற்கும். முதலில் வெளியான தனிப்பாட்டும் அதுதான், சரியான தெரிவு.

அடுத்தது தெளிவு. மாசசூசெட்ஸின் வெஸ்ட்ஃபீல்டில் உள்ள ஸிங் ஸ்டுடியோவில் ஆடம் டுட்கேவிச்சே தயாரித்தார். மிக்ஸிங் இங்கிலாந்தின் ஆண்டி ஸ்னீப், சபாட் குழுவின் பழைய கிட்டார்க்காரர். கிட்டாரின் ஒவ்வொரு அமுக்கிய அடியும் எண்ணக்கூடியதாக இருக்கிறது. 2002க்குப் பிறகு வந்த எத்தனையோ குழுக்கள் இந்தச் சத்தத்தைத்தான் பிரதியெடுத்தன. இன்று கேட்கிற பிள்ளைக்கு ‘எங்கேயோ கேட்டது’ போலத் தோன்றுவதற்கும் அதுவே காரணம்.

மூன்றாவது, லீச்சின் குரலில் உள்ள நம்பிக்கை. கோபமான இசையில் கோபமில்லாத வரியைக் கத்துவது இலகுவல்ல, பொய்யாகிவிடும். இவரிடம் ஆகவில்லை.

அப்ப கொறையே இல்லையா? எல்லாரும் தூக்கி வெச்சுத்தான் பேசுறாங்க.

இருக்கிறது, நான்கு. பேஸ் கிட்டார் தனியாகக் கேட்பதில்லை. கிட்டார்களுக்கு அடியில் தடிப்பாக மட்டும் இருக்கிறது, டி’அன்டோனியோ என்ன வாசிக்கிறார் என்று பிரித்தெடுக்க முடிவது சில இடங்களில்தான். பேஸ் ட்ரம்மில் ‘டிக்’ என்ற மேலோசை கூடுதல். வேகமான இரட்டை அடிகளில் அது அடியாகக் கேட்காமல் தட்டச்சாகக் கேட்கிறது. அந்தக் காலத்து மெட்டல் மிக்ஸிங் பலவற்றுக்கும் உள்ள நோய்.

வரிகள் மிகவும் பொதுவானவை. எழும்பு, உடை, உள்ளே பார் என்று போகின்றன. ஒரு ஆள், ஒரு தெரு, ஒரு நாள் எதுவும் இல்லை. கத்தலில் அது மறைந்துவிடும், தாளில் வாசித்தால் தெரியும். நாங்கள் பெரிதாக எண்ணுவது நான்காவதை: அமைப்பு திரும்பத் திரும்ப வருவது. கத்தும் பகுதி, பாடும் கோரஸ், மறுபடி கத்தல், கோரஸ், பிரேக்டவுன். ஐந்தாவது பாட்டு வரும்போது அடுத்தது என்ன என்று ஊகிக்கலாம்.

ரெண்டாவது பாதி கேக்கும்போது சலிப்பா இருக்கு. எனக்கு மட்டுமா?

உங்களுக்கு மட்டுமல்ல, ஆனால் பாட்டுகள் மோசமில்லை, வரிசைதான் பிரச்சினை. ஏழாவது ‘டு த சன்ஸ் ஒஃப் மேன்’ இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக நறுக்கென்று முடிகிறது, நல்லது. அதன்பின் எட்டிலும் பத்திலும் வரும் ‘டெம்பிள் ஃப்ரம் த விதின்’, ‘விடே இன்ஃப்ரா’ இரண்டும் 2000இல் வந்த முதல் ஆல்பத்தின் பாட்டுகள், இங்கே மறுபடி பதிவானவை. கட்டமைப்பு பழைய மாதிரி, முரட்டுத்தனம் கூட. தனியாகக் கேட்டால் இரண்டும் பலமானவை. முதல் பாதியின் பெரிய கோரஸ்களுக்குப் பின்னால் வைத்ததால் இறக்கம் போலத் தெரிகிறது.

மூச்சு விடுவதற்கான சின்ன வாத்திய இசை ‘விதவுட் எ நேம்’ 11ஆவதாக, கடைசிப் பாட்டுக்கு முன்னால் வருகிறது. அதை 7க்குப் பிறகு வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஃபோனில் வரிசையை மாற்ற ஒரு நிமிடம்தான். எங்களுக்கு ஆல்பமே நிமிர்ந்து நிற்பதுபோல் பட்டது.

நல்லா பாடுறதும் கத்துறதும் ஒரே ஆளா? தொண்ட கிழியாதா?

முக்கியமாக லீச்தான் இரண்டும், பின்குரலில் டுட்கேவிச்சும் உண்டு. தொண்டை கிழியாது என்று சொல்ல முடியாது. ஆல்பம் வந்த சிறிது காலத்திலேயே லீச் குழுவை விட்டுப் போனார், 2018இல் அவருக்குக் குரல்வளையில் அறுவைச் சிகிச்சையும் நடந்தது.

பழகுகிறவர்களுக்கு ஒரு விதி: வலித்தால் அதே நிமிடம் நிறுத்து. சரியான முறையில் சத்தம் குரல் நாண்களுக்கு மேலே உள்ள மடிப்புகளிலிருந்து வரும், காற்று வயிற்றிலிருந்து தள்ளப்படும், வெளியில் வரும் சத்தம் நினைப்பதைவிடச் சின்னதாகவே இருக்கும், மைக்தான் பெரிதாக்கும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். மறுநாள் பேச்சுக் குரல் கரகரத்தால் முறை பிழை.

ஆடம்தான் கிட்டார்னு எல்லா வீடியோலயும் இருக்கு. ஆல்பத்துல ட்ரம்ஸ்னு போட்டுருக்காங்களே?

இரண்டும் சரி. பதிவின்போது குழுவில் நான்கு பேர், டுட்கேவிச் ட்ரம்ஸ். ஒரே கிட்டாரோடு மேடையில் இந்தப் பாட்டுகளை வாசிக்க முடியாது என்பதால் அவர் கிட்டாருக்கு மாறினார், டொம் கோம்ஸ் ட்ரம்ஸுக்கு வந்தார். பேஸ் ட்ரம்மும் வலது கையும் ஒன்றாக இறங்குவது பற்றி முன்னால் சொன்னோமே, ட்ரம்ஸ் அடித்தவரே தயாரிப்பாளராகவும் இருந்தது அதற்கு உதவியிருக்கும்.

ஜெசியா, ஹவார்டா? யாரு பெஸ்ட்?

லீச் போன பிறகு பாடகராக ஹவார்ட் ஜோன்ஸ் வந்தார்; அதன் பிறகான முதல் ஆல்பம் 2004இன் ‘தி எண்ட் ஒஃப் ஹார்ட்டேக்’. பாடும் குரலில் ஹவார்டுக்குக் கனமும் அகலமும் அதிகம், கோரஸ் பெரிதாகிறது. அதன் தலைப்புப் பாட்டு கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. கத்தலில் லீச்சிடம் உள்ள பரபரப்பு எங்களுக்குக் கூடப் பிடிக்கும். 2012இல் ஹவார்ட் விலகி லீச் திரும்பி வந்துவிட்டார், அதனால் சண்டை போட இனி அவசியமும் இல்லை.

இதவிடக் கனமான ஆல்பம் எத்தனையோ இருக்கே. அப்ப இத ஏன் எடுத்தீங்க?

அதே மாநிலத்திலிருந்து 2001இல் கொன்வேர்ஜ் குழுவின் ‘ஜேன் டோ’ வந்தது. கொடூரத்தில் இது அதன் பக்கத்தில் நிற்காது. அங்கே குரல் சொல்லாகவே கேட்காது, சத்தம் வேண்டுமென்றே கிழிந்திருக்கும், கடைசிப் பாட்டு மட்டும் 11 நிமிடத்துக்கு மேல். மேலே சொன்ன நான்கு குறையில் அமைப்புக் குறை அதற்குக் கிடையவே கிடையாது. ஆனால் புதிதாக வருகிற காதுக்கு அதில் பிடித்து ஏற ஒரு கொப்பு இல்லை. இதில் இருக்கிறது.

எங்கிட்ட சாதாரண ஆறு கம்பி கிட்டார். ட்ரொப் சி வெச்சா கம்பி தொங்குது, கரகரங்குது.

கம்பி மெல்லிசு. 9–42 அல்லது 10–46 (கம்பித் தடிப்பின் எண்கள்) செட்டைக் கழற்றி 11–54 அல்லது 12–56 போடுங்கள். முதலில் ஆறு கம்பியையும் ஒரு முழுச் சுரம் இறக்குங்கள், பிறகு தடித்த கம்பியை மட்டும் இன்னொரு முழுச் சுரம். தடித்த கம்பி நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் துண்டு) உள்ள வெட்டில் இறங்காமல் நின்றால் வெட்டை அகலப்படுத்த வேண்டும். ஆழப்படுத்தக் கூடாது, ஆழமானால் திறந்த கம்பி ஃபிரெட்டில் உரசும். வெட்டில் பென்சில் கரியைத் தடவினால் கம்பி சிக்காது.

பிறகு 12ஆவது ஃபிரெட்டுக்கு மேல் தொட்டெடுக்கும் ஹார்மோனிக்கையும் அதே ஃபிரெட்டை அமுக்கி வரும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அமுக்கியது கூடுதலாக இருந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பி தங்கும் சின்னத் துண்டான சேடலைப் பின்னால் தள்ளுங்கள். மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்தால் பின்பக்க ஸ்பிரிங்குகளையும் இறுக்க வேண்டிவரும்.

நுவரெலியா பக்கம் குளிருல டியூன் நிக்கவே மாட்டேங்குது.

குளிரில் கம்பி சுருங்கிச் சுரம் ஏறும், கை சூடும் அறைச் சூடும் பட்டதும் இறங்கும். உறையிலிருந்து எடுத்தவுடன் டியூன் பண்ணாமல் அரை மணி நேரம் அறையில் வைத்துவிட்டுப் பண்ணுங்கள். பெரிய பிரச்சினை ஈரம். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடைக்காவிட்டால் துரு சீக்கிரம் பிடிக்கும். உறைக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போடலாம். சுவரோடு சாய்த்து மட்டும் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் சுவரே ஈரம்.

லயத்துக் காம்பரா, சுவரு மெல்லிசு. சத்தம் போடாம இந்த மாதிரி ரெக்கோட் பண்ண ஏலுமா?

கிட்டாருக்கு ஏலும். கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஓடியோ இன்டர்ஃபேஸில் குத்தி, கம்ப்யூட்டரில் அம்ப் மென்பொருள் போட்டு, ஹெட்செட்டில் கேட்டு வாசிக்கலாம். பக்கத்துக் காம்பராவுக்குக் கம்பியின் ‘டிக் டிக்’ மட்டும்தான் போகும். ஒரே ரிஃபை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து ஒன்றை முழு இடது, மற்றதை முழு வலது வையுங்கள். ஒரே பதிவைப் பிரதியெடுத்து இரு பக்கமும் வைத்தால் அகலம் கிடைக்காது, நடுவிலேயே நிற்கும்.

ட்ரம்ஸை மென்பொருளில் எழுதலாம். எல்லா அடியையும் ஒரே பலத்தில் எழுதாதீர்கள், கை அப்படி அடிக்காது. குரலுக்கு மட்டும் வழி இல்லை. பகலில் எல்லாரும் மலைக்குப் போன நேரம் பாருங்கள், இரவு வேலை முடித்து வந்து யாராவது தூங்கினால் அதையும் விட்டுவிடுங்கள்.

நாங்க மிக்ஸ் பண்ணுனா சேறாக் கலங்குது. அவங்களுது மட்டும் எப்புடி அவ்வளவு தெளிவு?

முதல் காரணம் கெய்ன், அதாவது அம்ப்பில் கிட்டாரின் கரகரப்பைக் கூட்டும் அளவு. தனியாக வாசிக்கும்போது பிடித்த அளவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். இரட்டித்துப் பதிவு செய்யும்போது இரண்டும் சேர்ந்து தானாகத் தடிக்கும். கெய்ன் கூடினால் முன்னால் சொன்ன அந்த இடைவெளிகளும் இரைச்சலால் நிரம்பிவிடும். சின்ன இரைச்சலைத் தானாக அடைக்கும் நொய்ஸ் கேட் கொஞ்சம் உதவும், ஆனால் கை நிறுத்தாததை அது நிறுத்தாது.

பிறகு ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்குங்கள். கிட்டாரில் 80–100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அந்த இடம் பேஸுக்கும் பேஸ் ட்ரம்முக்கும். 200–400க்கு நடுவில்தான் சேறு சேரும், கிட்டாரில் அங்கே 2–3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். பேஸ் ட்ரம்முக்கு 60 பக்கம் உடம்பு, 3000–5000 பக்கம் ‘டிக்’. இரண்டாவதை ஏற்றும்போது இந்த ஆல்பத்தின் குறை நினைவிருக்கட்டும். பேஸ் கிட்டாருக்குக் கொஞ்சம் டிஸ்டோர்ஷன் கொடுத்தால் ஃபோனிலும் கேட்கும்.

ஒப்பிடும்போது கவனம்: வெளியான ஆல்பம் மாஸ்டரிங்கில் (மிக்ஸிங்குக்குப் பிறகான கடைசிச் சீரமைப்பு) சத்தம் ஏற்றப்பட்டது, சத்தம் கூடியது எப்போதும் நன்றாகக் கேட்கும். அவர்களுடைய பாட்டை உங்கள் மிக்ஸின் அளவுக்கு இறக்கிவிட்டு மாறி மாறிக் கேளுங்கள். ஏற்றிப் பயனும் இல்லை, ஸ்பொடிஃபை வழக்கமாக எல்லாவற்றையும் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அளவுக்கு மீறி நசுக்கியது அங்கே சத்தமும் கூடாமல், அடியும் இல்லாமல் தட்டையாக நிற்கும்.